பூசையில் வைத்த கையுறை

1

“தேச்சியா? எதை வச்சும்மா தேச்சே?”

“இஸ்திரிப் பொட்டியாலதான். பின்ன என்ன, பூரிக்கட்டையாலயா தேய்ப்பாக?”

“அந்த மடிப்பு ஒவ்வொண்ணும் நான் ஸ்கேல் வச்சு எடுத்ததும்மா!”

“கத்தாதடி. சாமி முன்னாடி வைக்கிற சாமான் கசங்கலாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாளுக வார நேரத்துல…”

“கசங்கலா? அது கசங்கலாம்மா?”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான், சமையலறை ஜன்னல் வழியாக. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். இலுப்பூரில் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நான் எழுந்துபோய் என் அடுப்பை அணைப்பேன், அவ்வளவு நெருக்கம். ஜன்னலைச் சாத்தியிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து இதை இத்துடன் மூடிவைத்துவிடுங்கள். மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். உங்களுக்கும் இடம் இருக்கிறது.

2

உண்மையில் இந்தக் கதைக்கு வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘மனிதக் கை என்பது இயற்கையின் ——’

இது பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டிக்குப் போய்விட்டது.

‘ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த ——’

மழையே இல்லை. எங்கள் பக்கம் மழையைப் பற்றி எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

[மூன்றாவது தொடக்கத்தில் அமுதவல்லி ஒல்லியான, பெரிய கண்கள் உள்ள பெண்ணாக வந்தாள். அவள் ஒல்லி இல்லை. அடித்துவிட்டேன்.]

ஆகவே சண்டையே இருக்கட்டும். கத்துகிறவள் அமுதவல்லி. திருச்சியில் ஆராய்ச்சி மாணவி. காலையில் விராலிமலை போய் அங்கிருந்து பஸ் மாறிப் போவாள், இருட்டுவதற்குள் திரும்புவாள். பதில் கத்துகிறவள் அவள் அம்மா பிச்சையம்மாள். எனக்கு மதினி முறை. முறை என்ன முறை, பக்கத்து வீடாக இருந்தால் முறை தானாக வந்துவிடும். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அமுதவல்லியின் அப்பா, நாகராசு அண்ணன். பிரைவேட் பஸ் டிரைவராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பியது, பேச்சு மெதுவாகத் திரும்பியது, வலது கை மட்டும் முஷ்டி பிடித்தபடியே நின்றுவிட்டது. “கியரை இன்னும் விடல பாரு” என்று தெருவில் ஒரு நகைச்சுவை ஓடியது. அதை முதலில் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

3

இப்போது ரோபோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதையில் கட்டுரை புகுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் இது புரியாவிட்டால் பிச்சையம்மாள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு உறைக்காது.

அமுதவல்லி ரோபோ செய்கிறாள் என்று செய்தி வந்தபோது தெருவே எதிர்பார்த்தது நடக்கிற, பேசுகிற, முடிந்தால் குடம் தூக்குகிற ஓர் இரும்பு ஆளை. அவள் பையிலிருந்து எடுத்ததோ குடைத்துணி போன்ற ஒரு நைலான் துண்டு. “இதுக்கா இவ்வளவு படிப்பு?” என்று நானே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் சமையல் மேடையில் கிடந்த மிக்சர் பொட்டலக் காகிதத்தை எடுத்து விசிறி மடிப்பாக மடித்தாள். ஒரு பாலித்தீன் கவருக்குள் அதைப் போட்டு, கவரின் வாயைத் தன் வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சினாள். கவர் சும்மா கசங்கவில்லை. மடித்த வரிசையிலேயே, கம்பளிப்பூச்சி மாதிரி, சுருங்கியது. ஊதினாள். அதே வரிசையில் நீண்டது.

“பாத்தீங்களா அத்தை. மோட்டார் கெடையாது, எலும்பு கெடையாது. காத்துக்கு ஒண்ணும் தெரியாது. எங்கிட்டுப் போகணும்னு மடிப்புதான் சொல்லுது.”

காகிதத்தை மடித்துக் கொக்கும் தவளையும் செய்கிற ஜப்பான்காரர்களின் ஒரிகாமிதான் இதற்கு மூலம் என்றாள். அதை வைத்து உலகம் முழுக்க மென்மையான ரோபோக்கள் செய்கிறார்களாம். இரும்புக் கை பிடித்தால் தக்காளி நசுங்கும், இது நசுக்காது. மனித உடம்பில் மாட்டினாலும் உறுத்தாது.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கையுறை. விரல்களின் மேற்புறம் மட்டும் மூடும். ஒவ்வொரு விரலின் முதுகிலும் குட்டிக் குட்டி மடிப்புகள், சேலைக் கொசுவத்தைப் பொம்மைக்குச் செய்தது போல. பிரஷர் பார்க்கிற கருவியின் ரப்பர் உருண்டையை மெடிக்கல் கடையில் வாங்கி, நீளமான டியூப் வழியாக இணைத்திருந்தாள். உருண்டையை அமுக்கினால் காற்று போய் மடிப்புகள் நிமிரும். அவை நிமிரும்போது, அவற்றோடு கட்டியிருக்கும் விரலும் நிமிரும். உருண்டையின் கழுத்தில் உள்ள திருகைத் திறந்துவிட்டால் காற்று இறங்கி விரல் பழையபடி மூடிக்கொள்ளும்.

“மூடுறதை அப்பா கையே பாத்துக்குது. தொறக்குறது மட்டுந்தான் என் வேலை.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவளை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். மிக்சரும் கொடுத்தேன்.

4

எதற்காக இந்த அவசரம்? கீரனூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. பெயர் அரவிந்த்குமார், ஓசூரில் கம்பெனி வேலை. அவன் அப்பா ராக்கன் மாட்டுத் தரகர். நிச்சயதார்த்தம் விஜயதசமியன்று, பெண் வீட்டில்.*

நிச்சயத்தில் தட்டு மாற்றுவார்கள். பெண்ணின் அப்பா வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுக்க வேண்டும், அவர்கள் கொண்டுவந்த தட்டைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கையால் கொடுக்கிற வழக்கம் இல்லை. இடது கை மட்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாகராசு அண்ணனின் தம்பி உதயசூரியன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

“எதுக்குண்ணே சபையில சங்கடம்? நான் கொடுத்துர்றேன். சித்தப்பன் கொடுத்தா ஆகாதா?”

அண்ணன் பேச நேரமாகும். எல்லாரும் காத்திருந்தோம்.

“ஏம் மக… தட்டை… நாந்தான் கொடுப்பேன்.”

“கொடுக்கலாம்ணே, கை மூடியிருக்குல்ல?”

“தொறந்துக்குவேன்.”

அமுதவல்லி அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்த வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடு ஆறவில்லை. சூட்டில் ஒட்டும் பூச்சு உள்ள இரண்டு துணிகளுக்கு நடுவில் காற்று ஓடும் வழிக்கு மட்டும் பட்டர் பேப்பர் வெட்டி வைத்துவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பெட்டியால் அழுத்தி ஒட்ட வேண்டுமாம். ஒட்டியது, பிரித்தது, மறுபடி ஒட்டியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள் (எனவே தெருவுக்கே தெரியும்). தட்டைப் பிடிப்பது சுலபம், கை தானாக மூடிக்கொள்ளும். கொடுக்கிற நேரத்தில் காற்று போகாவிட்டால்? நாகராசுவின் முஷ்டி தட்டை விடாது. சம்பந்தி இழுக்க, இவர் பிடித்திருக்க, நிறைந்த சபையில் பெண்ணைக் கொடுக்க மனமில்லாத அப்பன் என்று ஆகும். அதைச் சகுனம் என்று சொல்ல அங்கே நூறு பேர் இருப்பார்கள்.

“அந்தப் பேச்சு வந்துச்சுன்னா அப்பா அதுக்கப்புறம் வாசலுக்கே வர மாட்டாரு அத்தை.”

(* ஆயுத பூசை வரும் புரட்டாசியில் எந்தக் கிறுக்கன் நிச்சயம் வைப்பான் என்று கேட்க வாயெடுத்த வாசகருக்கு: அந்த வருடம் பூசை ஐப்பசியில் வந்தது. இதைக்கூடப் பார்க்காமல் எழுதுவேனா?)

5

உதயசூரியனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். மேலே எழுதியதைப் படித்தால் அவர் வில்லன் போலத் தெரிகிறார். வில்லன் இருந்தால் எழுத வசதிதான். ஆனால் அண்ணனுக்கு வாய் கோணிய அன்று, சொந்தக் காரில் புதுக்கோட்டைக்கு அள்ளிக்கொண்டு போனவர் அவர். அண்ணன் சபையில் அவமானப்படக் கூடாது என்றுதான் தட்டைக் கேட்டார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பெருமைக்காகவும்தான். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்குத் திரும்புவோம். நிச்சயத்துக்கு முந்தின நாள், ஆயுத பூசை. பிச்சையம்மாள் வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சாமி முன்னால் வரிசையாக வைத்தாள்: அரிவாள்மனை, அண்ணனின் பழைய ஸ்பானர்கள், மிக்சி. மகளின் கருவியை விட்டுவிட்டால் சாமி என்ன நினைக்கும்? எடுத்தாள். ஒரே சுருக்கமாக இருந்தது. அருமையாக, மேலே துணி போட்டு, ஒரு மடிப்பு விடாமல் தேய்த்து, அப்பளம் போல ஆக்கி, ஐந்து விரலுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு வரிசையில் வைத்துவிட்டாள். கடைசியாக இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு பொட்டு.

அமுதவல்லி குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கற்பூரம் காட்டி முடிந்திருந்தது.

“எடுக்காத! பூசையில வச்சத நாளைக்குக் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்.”

“நாளைக்கே நிச்சயம்மா! நான் இப்பத் திரும்ப மடிக்கணும்!”

“மடிக்க என்னத்த வச்சிருக்க? பொட்டியும் அங்கதான் இருக்கு.”

கடைக்குப் போகலாம் என்றால் தெருவில் எல்லாக் கடையும் வாழைக்கன்று கட்டிப் பூட்டியிருக்கிறது. அமுதவல்லி கையை நீட்டினாள். பிச்சையம்மாள் குறுக்கே நின்றாள். நான் என் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன்.

[இங்கே ஒரு நீண்ட பத்தி, மரபும் அறிவியலும் மோதுவது பற்றி. இரண்டும் மோதவில்லை. அம்மாவும் மகளும்தான் மோதினார்கள். அடித்துவிட்டேன்.]

அப்போதுதான் அண்ணன் குரல் வந்தது.

“ஆத்தா. காலையில… எடு.”

“நேரம் பத்தாதுப்பா.”

“நீ… முடிச்சுருவே.”

 கொஞ்ச நேரம் கழித்து பிச்சையம்மாள், குரலைத் தாழ்த்தி, “எப்புடி மடிக்கணும்னு வாயால சொல்லு, பேப்பர்ல பழகிக்கிறேன்” என்றாள். தினசரிக் காலண்டர் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அந்த வீட்டில் மார்கழி மாதம் வரைக்கும் தேதி போய்விட்டது.

6

விடிந்ததும் மறுபூசை. கற்பூரம் அணைவதற்குள் அம்மாவும் மகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போனேன், பூத்தொடுக்க என்ற பெயரில். மடிப்பை அழித்த அதே பெட்டியின் முனையால், இளஞ்சூட்டில், அமுதவல்லி கோடு கோடாக மடிப்பை எழுப்பினாள். பிச்சையம்மாள் ஒவ்வொன்றையும் நகத்தால் நீவிப் பிடித்தாள்.  கோபம் இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

சுண்டு விரல் மட்டும் போயிற்று. அந்த இடத்தில் பட்டர் பேப்பர் கொஞ்சம் குட்டையாக இருந்ததால், அம்மாவின் சூட்டில் துணியோடு துணி ஒட்டிவிட்டது.

“நாலு விரல் போதுமாடி?”

“போதும். தட்டை விடுறதுக்கு நாலு போதும்.”

7

இனி சபை. நாகராசு அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில், முழுக்கைச் சட்டை, வலது கைமேல் சரிகைத் துண்டு. துண்டுக்குக் கீழே கையுறை. டியூப் சட்டைக்குள் ஏறி, முதுகு வழியாக இறங்கி, ஜமுக்காளத்துக்கு அடியில் ஊர்ந்து, உள்ளறைத் திரைக்குப் பின்னால் வந்தது. அங்கே பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாகக் கல்யாணப் பெண் குத்தவைத்து உட்கார்ந்து ரப்பர் உருண்டையைப் பிடித்திருந்தாள். இதைவிட நல்ல காட்சி எனக்கு எழுத வராது. இது நான் எழுதாதது.

அமுக்கினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரை இடுக்கில் பார்த்தேன்: துண்டு மெல்ல எழும்பியது, கை திறந்தது. பிச்சையம்மாள் தட்டின் விளிம்பை வைத்தாள். அமுதவல்லி திருகைத் திறந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். சபையில் ஒரு பெரியவர் தன் பேரனை முறைத்தார். கை மூடியது. இடது கையும் சேர்ந்துகொண்டது. அண்ணன் தட்டைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதைப் பார்த்த உதயசூரியன், கை தவறினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தன் நாற்காலியை அண்ணனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பொண்ணை வரச் சொல்லுங்க!”

அமுதவல்லி திருகை மூடி, உருண்டையை என் கையில் திணித்தாள். “அத்தை, ‘தட்டை மாத்திக்கங்க’ன்னு சொன்னதும் அமுக்குங்க. விடாம அமுக்குங்க.” போய்விட்டாள். திரை சரிந்து மூடிக்கொண்டது.

கதை எழுதுகிறவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்: திரைக்குப் பின்னால், முழங்கால் வலியோடு, ஒன்றும் தெரியாமல், கையில் ஓர் உருண்டையோடு.

நிச்சயப் பத்திரிகை வாசித்தார்கள். “தட்டை மாத்திக்கங்க!”

அமுக்கினேன். ஒரு அமுக்கு போயிற்று. அடுத்தது போகவில்லை. உருண்டை எலுமிச்சங்காய் போல இறுகி நின்றது. இரண்டு கையாலும் அமுக்கினேன். காற்று எங்கோ நின்றுவிட்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடத்தில் எங்கள் தெரு அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை.

பிறகு குலவை.

திரையை விலக்கினேன். ராக்கன் கையில் நம் தட்டு. அண்ணன் மடியில் அவர்கள் தட்டு. ஜமுக்காளத்தில் ஒரு புடைப்பு, டியூப் ஓடும் வழி. அதன்மேல் உதயசூரியனின் நாற்காலிக் கால், அதன்மேல் உதயசூரியன்.

8

அப்படியானால் கை எப்படித் திறந்தது?

ஒரு முடிவு: போன அந்த ஓர் அமுக்குக் காற்றே போதுமானதாக இருந்தது. இது அமுதவல்லி முதலில் சொன்னது. மறுநாளே அவள் அப்பா கையில் அதே கையுறையை மாட்டி, ஓர் அமுக்கு மட்டும் அமுக்கிப் பார்த்தாள். திறக்கவில்லை. “தெரியாததை நான் தீசிஸ்ல எழுத மாட்டேன் அத்தை” என்று அந்த நாளை அப்படியே விட்டுவிட்டாள். டியூப் நசுங்கினால் கூவுகிற ஒரு விசிலையும், சுண்டு விரலுக்குப் புது மடிப்பையும் செய்து, உருண்டையை அப்பாவின் இடது அக்குளுக்குள்ளேயே மாற்றிவிட்டாள். இனி அவர் காற்று அவர் கையில்.

இன்னொரு முடிவு: பிச்சையம்மாள். அந்த நேரத்தில் அவள் குனிந்தாள் என்று மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். “துண்டு வெலகுச்சு, சரி பண்ணேன்” என்கிறாள். காலண்டர் தாளில் பழகிய விரல்கள். எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக நம்ப முடியுமா?

இன்னொன்று: ராக்கன். மாட்டுத் தரகர், ஞாபகம் இருக்கிறதா? சந்தையில் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுகிற தொழில். ஊர் பார்க்க நின்றுகொண்டு, ஊருக்குத் தெரியாமல் விரலோடு பேசத் தெரிந்தவர். துண்டு விரித்த ஒரு கை மூடிக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கா தெரியாது? நான் கீரனூர் போனபோது நேரிலேயே கேட்டேன்.

“துண்டுக்கடியில நடந்தத வெளிய சொன்னா தரகு பாக்க முடியுமாம்மா?” என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசி முடிவு: நாகராசு அண்ணன் தானே ——

[இதை எழுதவில்லை. எழுதினால் பொய் போல இருக்கும். எழுதாவிட்டாலும் ஏதோ ஒளிக்கிறது போல இருக்கிறது.]

அண்ணனிடமே கேட்டேன். என்னை யாரென்று நினைத்தீர்கள்? பலமுறை கேட்டேன்.

“ஒனக்கு… எப்புடி வேணுமோ… எழுதிக்க” என்று சிரித்தார். கோணல் இன்னும் கொஞ்சம் இருக்கிற சிரிப்பு. அதிலிருந்து எதையும் படிக்க முடியாது.

9

தை மாதம் கல்யாணம் நடந்தது. அமுதவல்லி ஓசூர் போனாள். ஆராய்ச்சியை விடவில்லை, மாதம் ஒருமுறை ரயிலேறித் திருச்சி வந்து போனாள், போன வைகாசியில் முடித்துவிட்டாள். உதயசூரியன் தன் மகனோடு மதுரைக்குக் குடிபோனார். போகும்போது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை அண்ணன் வீட்டுக்கே கொடுத்துவிட்டுப் போனார், மன்னிப்பு மாதிரி.

இந்த ஆவணியில் நாகராசு அண்ணனும் மதினியும் மகளோடு இருக்க ஓசூர் கிளம்பினார்கள். வேன் வாசலில் நின்றது. மதினி சட்டி பானையை ஏற்றிக்கொண்டே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “சின்னப்பிள்ளை, ஜன்னலை இனிமே சாத்திக்க, கேக்க ஒண்ணும் இருக்காது” என்றாள். அழுகை வந்தது அவளுக்கா எனக்கா தெரியவில்லை.

அண்ணன் மெதுவாக என் வாசலுக்கு வந்தார். வீட்டுச் சாவியை என்னிடம் விட்டுப் போகிறார்கள். சாவி அவர் வலது முஷ்டிக்குள் இருந்தது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டது, மேலே துண்டு. உள்ளே கையுறை இருந்ததா, இடது அக்குளில் உருண்டை இருந்ததா, சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும். இத்தனை பக்கம் இழுத்த கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

அவர் கையை நீட்டினார். நான் அதற்குக் கீழே என் கையை ஏந்தினேன்.

ஏந்திவிட்டு, வேனைப் பார்த்தேன். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நன்றாகத் துடைத்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள்தான் என் பக்கத்திலேயே நின்றிருந்தீர்களே, நீங்கள் பார்த்திருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டாம்.

சாவி என் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.